ஜாலியன்வாலாபாக்: எது 1919, எது பிற்காலம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 13 நெருங்கினால் நம் நாளிதழ்களில் ஜாலியன்வாலாபாக் பற்றி ஒரு கட்டுரையும் அதோடு ஒரு படமும் வந்துவிடும். படத்தில் இருப்பது பெரும்பாலும் புல்வெளி நடுவே நிற்கும் செந்நிறக் கல் தூண். கட்டுரை பேசுவது 1919-இல் அங்கே கூடிய மக்கள்மீது பிரிட்டிஷ் படை நடத்திய துப்பாக்கிச் சூட்டை. அந்தத் தூணை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் போல்க் வடிவமைத்தார், 1961 ஏப்ரல் 13 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார் என்ற செய்தி அநேகமாக எந்தக் கட்டுரையிலும் இருப்பதில்லை. படிப்பவர் புல்வெளியையும் தூணையும் பார்த்துவிட்டு, 1919-லும் அது ஒரு பூங்காவாகவே இருந்தது போலும் என்று நினைத்துக்கொள்கிறார்.

தில்லி, ஆக்ரா, அமிர்தசரஸ் என்று சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். பொற்கோயிலைப் பார்த்துவிட்டு நடந்தே போகும் தூரம்தான் ஜாலியன்வாலாபாக். அரை மணி நேரத்தில் சுற்றி, தூணருகே ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். குறை அவர்களுடையது இல்லை. எது அன்று இருந்தது, எது பின்னால் வந்தது என்று அந்த வளாகம் அவர்களுக்குச் சொல்வதில்லை. தேசிய நினைவிடம் ஒன்று முதலில் செய்யவேண்டிய வேலை இதுதான் என்பது எங்கள் கருத்து. அங்கு ஆண்டுதோறும் நடக்கும் அஞ்சலி நிகழ்ச்சிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

முதலில் இடம். ‘பாக்’ என்றால் தோட்டம். ஆனால் 1919-இல் அங்கே தோட்டம் ஏதும் இல்லை. சுமார் ஆறரை ஏக்கர் மேடுபள்ளமான வெற்று நிலம், ஒரு சமாதி மண்டபம், ஒரு கிணறு, சில மரங்கள், சுற்றிலும் வீடுகளின் பின்சுவர்கள். அவ்வளவுதான். நுழைவதற்கு ஒரு குறுகிய சந்து. அதைத் தவிர இரண்டு மூன்று சிறு திறப்புகள் மட்டுமே இருந்தன. அந்தச் சந்தின் அகலம் வரலாற்றில் ஒரு முக்கியமான அளவு. பிரிகேடியர் ஜெனரல் ரெஜினால்ட் டயர் இரண்டு கவச வண்டிகளுடன் வந்தார். சந்து அவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை, வெளியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. உள்ளே போக முடிந்திருந்தால் அவற்றிலிருந்த இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று அவரே, அரசு அமைத்த விசாரணைக் குழுவான ஹண்டர் குழு முன் ஒப்புக்கொண்டார். நம் பள்ளிச் சுவரொட்டிகளில் இயந்திரத் துப்பாக்கியால் சுடுவதுபோல் வரைகிறார்கள். அது தவறு. சுட்டவை கைத்துப்பாக்கி ரகமும் இல்லை; .303 ரைஃபிள்கள்.

அவருடன் வந்தவர்கள் 90 பேர். அவர்களில் 50 பேரிடம் ரைஃபிள். 40 கூர்க்காக்களிடம் குக்ரி கத்தி மட்டும். நுழைவாயிலின் இரு பக்கமும் இருந்த மேட்டில் 25, 25 பேராகப் பிரித்து நிறுத்தினார். நேரம் மாலை 5.15 மணியளவு. கலைந்து போகும்படி எச்சரிக்கை எதுவும் இல்லை. சுமார் 10 நிமிடம். 1,650 ரவைகள். இதை மாணவர்களைக் கணக்குப் போடச் சொன்னால் போதும். 50 ரைஃபிளுக்கு 1,650 என்றால் ஒருவர் பங்குக்கு 33. பத்து நிமிடத்தில் 33 என்றால் நிமிடத்துக்கு மூன்றுக்கு மேல். பத்து ரவை கொள்ளும் ரைஃபிளில் மூன்று முறையாவது ரவை நிரப்பியிருக்க வேண்டும். ஒரு சிப்பாய் வெறிபிடித்துச் சுட்டதாக இதை யாரும் விளக்க முடியாது. குறிபார்த்து, நிரப்பி, மறுபடி குறிபார்த்து, கூட்டம் எங்கே அடர்த்தியோ அங்கே திருப்பிவிடப்பட்டுச் சுட்ட சூடு அது. ரவை தீரும் நிலைக்கு வந்த பிறகுதான் நின்றது. எண்களை ஒப்புவித்துவிட்டுப் போகாமல் இப்படி வகுத்துக் காட்டும் ஒரு பலகை அந்த மேட்டருகே இருக்கவேண்டும். ‘இங்கிருந்து சுட்டார்கள்’ என்று குறிக்கும் கல் ஒன்று நெடுங்காலமாக அங்கே உண்டு. அதைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

இனி, பிற்காலம். 1919 டிசம்பரில் மோதிலால் நேரு தலைமையில் அமிர்தசரஸிலேயே காங்கிரஸ் மாநாடு கூடியது. நிலத்தை வாங்கி நினைவிடமாக்கும் முடிவு அந்தச் சூழலில் பிறந்ததுதான். பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1920-இல் ஐந்தரை லட்சம் ரூபாய்க்கும் மேல் கொடுத்து நிலம் வாங்கப்பட்டது. அன்றைய பண மதிப்பில் அது மலைக்க வைக்கும் தொகை. 1951-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதைத் தேசிய நினைவிடமாக்கி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. புல்தரை, பாதைகள், வெட்டிவிட்ட செடிகள், தூண் எல்லாம் அந்த வழியில் வந்தவை. தூண் 1961-இன் நினைவு. விடுதலை பெற்ற முதல் தலைமுறை எப்படி அஞ்சலி செலுத்த விரும்பியது என்பதைக் காட்டும் சான்று என்ற முறையில் அதற்கும் மதிப்பு உண்டு. அதன் அடியில் ‘1961’ என்று பார்வையில் படும்படி எழுதி வைத்தால் ஒரு குழப்பம் தீரும்.

மூன்றாவது அடுக்கு 2021. நூற்றாண்டை ஒட்டிய புதுப்பிப்பு வேலைக்காக வளாகம் மூடப்பட்டு, 2021 ஆகஸ்ட் 28 அன்று பிரதமரால் காணொலி வழியாகத் திறக்கப்பட்டது. சந்தின் தரை மாற்றப்பட்டது. இரு பக்கச் சுவர்களிலும் அன்று உள்ளே நடந்து போன மக்களைக் குறிக்கும் புடைப்புச் சிலைகள் வைக்கப்பட்டன. கிணற்றைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வந்தது. காட்சிக்கூடங்கள், தினசரி ஒலி ஒளிக் காட்சி, அமைதியாக உட்கார ஒரு திடல், தூணைச் சுற்றி அல்லிக்குளம் என்று பலவும் சேர்ந்தன. வரலாற்றாளர்கள் பலர் இதை எதிர்த்து எழுதினார்கள். ஆதரித்துப் பேசியவர்களும் உண்டு. காட்சிக்கூடங்கள் தேவைதான். கழிப்பறை, சாய்தளம், குடிநீர் போன்றவற்றைக் குறை சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. சந்து மட்டும் வேறு கணக்கு.

அந்தச் சந்துக்கு எந்த அலங்காரமும் தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் உயர்ந்த, வெறுமையான சிறு செங்கல் சுவர். நடக்கும்போது தோள் உரசும் நெருக்கம். அதைக் கடந்து திடலுக்குள் காலெடுத்து வைக்கும் நொடியில், ‘இத்தனை பேருக்கும் வெளியே போக இந்த வழிதானா?’ என்ற கேள்வி தானாக எழும். சிலைகள் வந்த பிறகு கண் சிலையைப் பார்க்கிறது, கை கைபேசியை எடுக்கிறது. சுவரும் அகலமும் பின்னுக்குப் போய்விடுகின்றன. இடமே ஆவணமாக இருக்கும் ஓரிடத்தில் சித்திரிப்பைக் கொண்டு வந்து வைத்தால், வருகிறவர் ஆவணத்தை விட்டுவிட்டுச் சித்திரிப்பைப் பார்ப்பார். சிலைகள் கலைநயத்துடன் இருக்கலாம். அவற்றைக் காட்சிக்கூடத்தில் வைத்திருக்கலாம். இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. சந்து தொடங்கும் இடத்திலேயே, 2021-க்கு முந்தைய சந்தின் பெரிய ஒளிப்படம் ஒன்றும், ‘சிலைகளும் தரையும் 2021-இல் சேர்க்கப்பட்டவை’ என்ற ஒரு வரியும் வைக்கவேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை.

இங்கே ஹிரோஷிமாவை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். அங்கே அமைதி நினைவுப் பூங்காவில் குவிமாடக் கட்டடம் குண்டு விழுந்த நிலையிலேயே நிற்கிறது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் அந்த ஊரில் நீண்ட காலம் இருந்தது. 1966-இல் மாநகர மன்றம் அதைக் காப்பது என்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டே விரிசல்களுக்குள் பிசினைச் செலுத்தியும் உள்ளே இரும்புத் தாங்கிகள் கொடுத்தும் வேலை நடந்தது. நோக்கம் ஒன்றுதான்: இருப்பது இருந்தபடி நிற்கவேண்டும். புதிதாக்கவும் கூடாது, மேலும் சிதையவும் கூடாது. அதே பூங்காவின் அருங்காட்சியகத்தில் தீக்காயத்தோடு நடந்து வரும் மனிதர்களின் மாதிரி உருவங்கள் பல ஆண்டுகள் இருந்தன. 2017-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். இறந்தவர்களின் உண்மையான உடைகளையும் உடைமைகளையும் முன்னிறுத்துவது என்று முடிவானது. பார்வையாளர்களில் பலருக்கு அந்த உருவங்கள்தாம் மனதில் நின்றவை. எடுக்கக் கூடாது என்ற எதிர்ப்பும் வந்தது. ஆனாலும் எடுத்தார்கள். அமிர்தசரஸில் நாம் எதிர்த்திசையில் போயிருக்கிறோம்.

சுவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ரவைத் தடங்கள் உள்ள சுவர்கள்தாம் அந்த வளாகத்தின் விலைமதிப்பில்லாத சொத்து. அவை நானக்‌ஷாஹி செங்கல் என்று சொல்லப்படும் சின்ன, மெல்லிய செங்கல்லால், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. இத்தகைய சுவரில் பழுது பார்க்கும்போது இணைப்புகளில் சிமென்ட் பூசுவதுதான் எங்கும் நடக்கும் பெரிய தவறு. சிமென்ட் செங்கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை வெளியே விடாது. மழைநீரும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். காயும்போது உப்பு செங்கல்லின் முகத்தில் பூக்கும். பூத்த உப்பு மேல்தோலைத் தள்ளும். செங்கல் பொரிந்து உதிரத் தொடங்கும். ரவைத் தடத்தின் விளிம்புதான் முதலில் போகும், ஏனென்றால் அங்கே செங்கல் ஏற்கெனவே உடைந்து, உள்பகுதி வெளியே தெரிந்துகொண்டிருக்கிறது. ஆகவே சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும். சுண்ணாம்பும் செங்கல் தூளும் மணலும் கலந்த பழைய முறையே சரி. சுவரடியில் செடி வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். புல்வெளிக் குழாயின் நீர்த்தூவல் சுவரில் படாதபடி பார்த்துக்கொள்வது தோட்டக்காரர் வேலையாகத் தோன்றலாம். உண்மையில் அது ஆவணக் காப்பு வேலை.

இன்னொரு சேதம் நம் கைகளால் வருவது. தடத்துக்குள் விரல் விட்டுப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான விரல்கள் என்றால் குழி வழவழப்பாகி, விளிம்பு மழுங்கி, கடைசியில் எந்தக் குழிக்கும் தடத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். கைக்கு எட்டாத தூரத்தில், இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு தடுப்புக் கம்பி போதும். அதோடு ஒவ்வொரு தடத்துக்கும் எண் கொடுத்து, அகலமும் ஆழமும் அளந்து, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து வைத்துப் படமெடுத்து வைக்கவேண்டும். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் குழி தட்டையாகத்தான் தெரியும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே கோணத்தில் மறுபடி எடுத்தால் தேய்மானம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். அந்தப் படங்களைக் காட்சிக்கூடத்தில் வைத்துவிட்டால் தொட்டுப் பார்க்கும் ஆசையும் குறையும்.

அடுத்தது எண்ணிக்கை. நம் கட்டுரைகளில் 379 என்றும் 1,000 என்றும் 2,000 என்றும் வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு எண்கள் வந்ததும் உண்டு. ஏன் இந்த வேறுபாடு என்று ஒரு வரி எழுதினால் வாசகருக்குப் பொதுவரலாறு என்றால் என்ன என்றே புரிந்துவிடும். 379 என்பது அரசு ஏற்றுக்கொண்ட கணக்கு: ஆண்கள் 337, சிறுவர்கள் 41, ஆறு வாரக் குழந்தை ஒன்று. பெயர் தெரிந்தவர்களை மட்டும் கொண்ட பட்டியல் அது. அதுவும் சம்பவம் நடந்து மாதங்கள் கழித்துத் திரட்டியது. இடையில் ராணுவச் சட்டம். தடை செய்யப்பட்ட கூட்டத்தில் தங்கள் வீட்டு ஆள் இருந்தார் என்று ஒப்புக்கொண்டு பெயர் கொடுக்க எத்தனை குடும்பம் முன்வரும்? பைசாகி என்ற பஞ்சாபித் திருநாளுக்காக வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் வேறு; அவர்களுடைய உடலை அமிர்தசரஸில் யார் அடையாளம் காட்டுவது? காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு ஏறத்தாழ 1,000 என்று மதிப்பிட்டது. வளாகத்தின் பழைய கல்வெட்டு இந்து, சீக்கிய, முஸ்லிம் தேசபக்தர்கள் சுமார் 2,000 பேரின் ரத்தம் தோய்ந்த இடம் என்கிறது. 1997-இல் எலிசபெத் அரசியுடன் வந்த இளவரசர் பிலிப் அந்த எண்ணை மிகை என்று சொல்லப்போய் பெரிய சர்ச்சையானது. கிணற்றருகே உள்ள பலகை அதிலிருந்து 120 உடல்கள் எடுக்கப்பட்டதாகச் சொல்கிறது. மாவட்டத் துணை ஆணையர் அலுவலகப் பட்டியலில் 484 பெயர்கள். பாக் வளாகப் பட்டியலில் 388. ‘இறந்தவர்கள் குறைந்தது 379 பேர்; காங்கிரஸ் விசாரணைக் குழுவின் மதிப்பீடு ஏறத்தாழ 1,000’ என்று எழுதுவது நேர்மையான வழி. குறைந்த எண்ணைச் சொன்னால் தேசபக்தி குறைந்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. 379-ஏ எந்த அரசையும் தலைகுனிய வைக்கும் எண்.

எண்ணைவிட முக்கியம் பெயர். ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6 அன்று, அந்த ஓராண்டில் இறந்தவர்கள், புதிதாக உறுதியானவர்கள் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்த பதிவேட்டை நினைவுச் சின்னத்தின் கல்பெட்டிக்குள் வைக்கிறார்கள். இப்போது அதில் 3.4 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. காலை 8.15-க்கு, குண்டு வெடித்த அதே நிமிடத்தில், மணியொலியுடன் ஒரு நிமிட மௌனம். நிகழ்ச்சி நிரலே அந்த நிமிடத்தைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. பிரமுகர் தாமதமாக வந்தால் 8.15 காத்திருக்காது.

ஜாலியன்வாலாபாக்கில் ஏப்ரல் 13 அன்று மலர்வளையம், காவல்துறை மரியாதை, இரண்டு நிமிட மௌனம் எல்லாம் நடக்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த இடத்துக்கே உரிய நேரம் மாலை 5.15. அந்த நேரத்தில் வெயில் சாய்ந்து சுவர்களின் நிழல் திடலில் நீளும். அன்று மக்கள் பார்த்த வெளிச்சம் அதுதான். மாலை 5.15-க்கு எல்லாரும் தரையில் உட்கார்ந்து 10 நிமிடம் பேசாமல் இருப்பது என்று ஒரு மரபை உருவாக்கலாம். இரண்டு நிமிடம் எளிதில் போய்விடும். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். துப்பாக்கிச் சத்தம் ஒலிபெருக்கியில் வேண்டாம். பிள்ளைகளைச் சுருண்டு விழ வைத்து நடிக்கச் செய்யும் வழக்கமும் வேண்டாம். விழுந்த பிள்ளை சிரித்துவிடும், பார்ப்பவர் கைதட்டிவிடுவார், அந்த இடத்தின் கனம் அங்கேயே கலைந்துவிடும்.

பிறகு பெயர் வாசிப்பு. 379 பெயர்களை ஒரு பெயருக்கு நான்கு விநாடி வீதம் வாசித்தால் 25 நிமிடம். தந்தை பெயர், வயது, தெரு, தொழில் என்று தெரிந்தவற்றையும் சேர்த்து எட்டு விநாடி எடுத்துக்கொண்டால் 50 நிமிடம். ஒருவரே வாசித்தால் பத்து நிமிடத்தில் குரல் தட்டையாகிவிடும், இயந்திரம்போல் ஆகிவிடும். இருபது பேர், ஆளுக்குப் பத்தொன்பது பெயர் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பஞ்சாபி, உருதுப் பெயர்களின் உச்சரிப்பை முதல் நாளே கேட்டுப் பழகவேண்டும். பெயரைத் தவறாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது அங்கே பொருந்தாது. ஒலிபெருக்கி ஒன்று போதும், சத்தம் குறைவாக. நான்கு பக்கமும் கட்டிட முதுகுகள் சூழ்ந்த திடலில் பல ஒலிபெருக்கிகளை உரக்க வைத்தால் எதிரொலியில் ஒரு பெயர் இன்னொன்றின் மேல் ஏறி எதுவும் காதில் விழாது.

அஞ்சலி நாட்களில் வழக்கமாகக் கோளாறாவது மலர்வளைய வரிசைதான். அமைப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வளையம் வைத்து, தனித்தனியே படம் எடுத்துக்கொள்ள நின்றால் ஒரு வளையத்துக்கு இரண்டு நிமிடம். முப்பது வளையத்துக்கு ஒரு மணி நேரம். வெயிலில் காத்திருப்பவர்கள் தியாகிகளின் குடும்பத்து முதியவர்கள். அவர்களை முதலில் வைக்கச் சொல்லி, மற்ற வளையங்களை முன்கூட்டியே அடுக்கிவிட்டு எல்லாருக்கும் சேர்த்து ஒரே மரியாதை என்று வைத்தால் சிக்கல் தீரும். நிழற்பந்தல் பிரமுகர் மேடைக்கு மட்டும் போடுவது நம் நாடு முழுக்க உள்ள பழக்கம். அது அங்கேயும் மாறவேண்டும். குறுகிய வழி உள்ள வளாகத்தில் உள்ளே வருவோரும் வெளியே போவோரும் ஒரே வழியில் மோதக்கூடாது என்பதைப் பாதுகாப்பு விதியாக மட்டும் பார்க்காமல் அந்த இடத்துக்குச் செலுத்தும் மரியாதையாகவும் பார்க்கவேண்டும்.

அங்கே வாசிக்கத் தகுந்த ஒரு சாட்சியம் உண்டு. ரத்தன் தேவி என்ற பெண் காங்கிரஸ் விசாரணைக் குழு முன் கொடுத்தது. கணவரின் உடலைத் தேடிக் கண்டுபிடித்தார். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது என்ற தடையுத்தரவால் உதவிக்கு யாரும் வரவில்லை. நாய்களை விரட்ட ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு விடியும்வரை உடலருகே உட்கார்ந்திருந்தார். ஒலி ஒளிக் காட்சியின் வண்ணங்களும் இசையும் தொடமுடியாத இடத்தை அந்தச் சாட்சியம் வெறும் வாசிப்பிலேயே தொட்டுவிடும்.

வளாகத்துக்கு வெளியிலும் கதை இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அமிர்தசரஸின் மக்கள் தலைவர்களான மருத்துவர் சத்தியபால், சைபுதீன் கிச்சலூ இருவரையும் ஏப்ரல் 10 அன்று கைது செய்து தர்மசாலாவுக்குக் கொண்டு போனார்கள். விடுவிக்கக் கேட்டுப் போன கூட்டத்தின் மீது ரயில் பாலத்தருகே சூடு நடந்தது. அதன்பின் வங்கிகள் எரிந்தன; ஐரோப்பியர் ஐவர் கொல்லப்பட்டார்கள்; மார்செல்லா ஷெர்வுட் என்ற ஆசிரியை தாக்கப்பட்டார். ஊர்க்காரர்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள். அவர் தாக்கப்பட்ட தெருவில் இந்தியர்கள் தவழ்ந்துதான் போகவேண்டும் என்று டயர் பின்னர் ஆணையிட்டார். ஏப்ரல் 10-ஐ மறைத்துவிட்டு 13-ஐ மட்டும் சொல்வது நம் தரப்புக்கு வலு சேர்க்காது. ஐவர் கொலையைச் சொன்ன பிறகும் பத்து நிமிடச் சூட்டுக்கு நியாயம் கிடைத்துவிடாது என்பதைப் படிப்பவர் தானே உணர்வார். இந்த நான்கு நாட்களின் இடங்களைக் குறித்த ஒரு நடைபாதை வரைபடம் வளாக வாசலில் தேவை. தமிழிலும் ஒன்று அச்சிட்டால் நம் பயணிகளுக்கு உதவும்.

தமிழகத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பு, உண்ணாநோன்பு என்ற எண்ணம் 1919 மார்ச்சில் காந்தி சென்னையில் தங்கியிருந்தபோதுதான் அவருக்குத் தோன்றியது. முதலில் மார்ச் 30 என்று குறித்து, பிறகு ஏப்ரல் 6-க்கு மாற்றினார்கள். அமிர்தசரஸ் இரண்டு நாளும் கடையடைத்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சேட்டூர் சங்கரன் நாயர், பஞ்சாப் கொடுமைகளைக் கண்டித்து வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலிருந்து 1919 ஜூலையில் விலகினார். பஞ்சாப் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ’ட்வையர் அவர்மீது லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924-இல் ஐந்து வாரம் நடந்த அந்த வழக்கில் நாயர் தோற்று 500 பவுண்டும் செலவுத் தொகையும் கொடுக்க நேர்ந்தது. தீர்ப்பு ஒருமனதாக இல்லை; ஜூரிகளில் ஒருவர் இணங்கவில்லை.

இந்தப் பெயரில்தான் தமிழில் பெரிய குழப்பம். டயர் வேறு, ஓ’ட்வையர் வேறு. தமிழில் இரண்டையும் ‘டயர்’ என்றே எழுதிவிடுகிறோம். விளைவு, ‘சுட்ட டயரை உத்தம் சிங் சுட்டுக் கொன்றார்’ என்ற தவறு பாடக் குறிப்பேடுகள்வரை போய்விட்டது. 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உத்தம் சிங்கால் கொல்லப்பட்டவர் ஓ’ட்வையர், அதாவது டயரின் செயலை ஆதரித்த ஆளுநர். சுட ஆணையிட்ட டயர் 1927-இலேயே நோயில் இறந்துவிட்டார். ஒருவரைப் பதவியோடு ‘ஜெனரல் டயர்’ என்றும், மற்றவரை ‘ஆளுநர் ஓ’ட்வையர்’ என்றும் எழுதுவதைத் தங்கள் நாளிதழ் நடைக் கையேட்டில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஏப்ரல் 13 நமக்குச் சித்திரை முதல் நாளின் முந்தைய நாள். பைசாகியும் நம் சித்திரைப் பிறப்பும் ஒரே சூரியக் கணக்கு. பள்ளிகள் தேர்வும் விடுமுறையுமாக இருக்கும் வாரம். அதனால் பள்ளிகள் மார்ச் மாதத்திலேயே ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டால் சந்தின் அகலத்தைக் குறித்து, ஒரு வகுப்பு மாணவர்கள் நடந்து கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்து எழுதச் சொல்லலாம், நடந்துதான், ஓடக்கூடாது. பிறகு அந்த எண்ணை வைத்து 15,000 பேருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடட்டும். அன்று கூடியிருந்தவர்கள் அதைவிடக் கூடுதல் என்றும் குறைவு என்றும் மதிப்பீடுகள் உண்டு. எந்த எண்ணை வைத்துப் போட்டாலும் விடை பத்து நிமிடத்துக்குள் வராது.

போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரே தூணுக்குப் போகாதீர்கள். சந்தில் நின்று சிலைகளை விட்டுவிட்டுச் சுவரின் உயரத்தைப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் சுட்ட மேட்டில் நின்று எதிர்ச்சுவர்வரை கண்ணால் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதன்பின் சுவருக்குப் போய், அங்கிருந்து திரும்பி மேட்டைப் பாருங்கள். கிணறு, காட்சிக்கூடம், கடைசியாகத் தூண். உத்தம் சிங்கின் அஸ்திக் கலசமும் அங்கே உண்டு. பலர் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள். கூட்டம் குறைவான காலை நேரமோ, ஐந்து மணிக்குப் பிந்தைய மாலையோ நல்லது.

அடுத்த ஏப்ரல் 13 இதழில் தூணின் படத்துக்குப் பதிலாக ரவைத் தடமுள்ள சுவரின் படத்தையும், அதன் கீழே 1919, 1961, 2021 என்று மூன்று அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் ஒரு சிறு வரைபடத்தையும் தாங்கள் வெளியிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி